வீடியோ மாற்றும் வேலையில் லினக்ஸ் கற்பது

வீடியோ கோப்பின் பெயருக்குக் கடைசியில் வரும் எம்பி4, எம்கேவி, ஏவிஐ போன்ற எழுத்துகள் அதன் கொள்கலனை மட்டுமே சொல்கின்றன. உள்ளே இருக்கும் காட்சி எந்த முறையில் சுருக்கப்பட்டது என்பது வேறு சங்கதி. அந்த முறைக்குக் கோடெக் என்று பெயர். டிபன் கேரியரின் வெளித்தோற்றத்தை வைத்து உள்ளே இருப்பது சாம்பார் சாதமா தயிர் சாதமா என்று சொல்ல முடியாது. கோப்பின் பெயரை வைத்து உள்ளிருக்கும் கோடெக்கைச் சொல்ல முடியாததும் அப்படித்தான். வீடியோ மாற்றத்தில் புதியவர்களுக்கு வீணாகும் நேரமும் குறையும் தரமும் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வருபவை.

ஏவிஐ கொள்கலனை மைக்ரோசாஃப்ட் 1992-இல் கொண்டுவந்தது. எம்கேவி கட்டற்ற திட்டமாக 2002-இல் தொடங்கியது. பல மொழி ஒலித்தடங்களையும் வசன வரிகளையும் ஒரே கோப்பில் அடக்கிவிடும். டிவி, கைபேசி, உலாவி என்று எங்கும் ஓடுவது எம்பி4. கோடெக்குகளில் விசிடி எம்பெக்-1 முறையையும், டிவிடி எம்பெக்-2 முறையையும் பயன்படுத்தின. 2003-இல் தரப்படுத்தப்பட்ட எச்.264 இன்றும் ஏறக்குறைய எல்லாக் கருவிகளிலும் ஓடுகிறது. பாதி பிட்ரேட்டில், அதாவது விநாடிக்குச் செலவாகும் பிட்டுகளில் பாதியில், அதே தரம் என்ற இலக்கோடு 2013-இல் எச்.265 என்னும் எச்இவிசி வந்தது. காப்புரிமைக் கட்டணம் இல்லாத ஏவி1 2018-இல் வந்தது.

சுருக்குவது ஏன் தவிர்க்க முடியாதது என்பதை ஒரு கணக்கு காட்டிவிடும். 1920×1080 அளவுள்ள காட்சியைச் சுருக்காமல் விநாடிக்கு 25 ஃபிரேம் வீதம் வழக்கமான 8 பிட் நிறத்தில் சேமித்தால், ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 78 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 280 ஜிபி ஆகும். ஆகவே கையில் கிடைக்கும் வீடியோ எல்லாமே ஏற்கெனவே எதையோ இழந்து சுருங்கியவைதான். அதை மறுபடி சுருக்கும் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் போகும், போனது திரும்பாது. வீடியோ மாற்றத்தின் நடைமுறை விதிகள் எல்லாம் இந்த ஒரு உண்மையிலிருந்து பிறக்கின்றன.

லினக்ஸைக் கணினிக்குக் கொண்டுவருதல்

வீடியோ மாற்றத்துக்கும் லினக்ஸுக்கும் நெருங்கிய உறவு உண்டு. இந்தத் துறையின் அடிப்படைக் கருவியான எஃப்எஃப்எம்பெக், 2000-இல் ஃபப்ரிஸ் பெல்லார் தொடங்கிய கட்டற்ற மென்பொருள். விஎல்சி, ஹேண்ட்பிரேக் உள்ளிட்ட பல மென்பொருள்கள் அதன் நூலகங்களை உள்ளே வைத்திருக்கின்றன. அது விண்டோஸிலும் ஓடும் என்றாலும், கட்டளைகளைக் கோத்து வேலை வாங்கும் லினக்ஸ் சூழலில்தான் அதன் முழு வலிமையும் வெளிப்படும். இன்னொரு காரணமும் இருக்கிறது. லினக்ஸை வெறும் பாடமாகப் படிப்பவர்களுக்குக் கட்டளைகள் மனதில் நிற்பதில்லை. வீட்டிலுள்ள கல்யாண வீடியோக்களைக் காப்பாற்றும் வேலையை வைத்துக்கொண்டு கற்றால், ஒவ்வொரு கட்டளைக்கும் தேவை ஒன்று முன்னால் வந்து நிற்கும், மறப்பது கடினம்.

விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்ட்டின் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிகளுக்கு லினக்ஸ் நல்ல மறுவாழ்வு தரும். 2011-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது. லினக்ஸ் தமிழ் வீடுகளுக்குப் புதிய பெயர் அல்ல. இன்று தொடங்குபவருக்கு லினக்ஸ் மின்ட் வசதியானது. அதன் 22-ஆம் பதிப்புக்கு 2 ஜிபி ராம் குறைந்தபட்சம். 4 ஜிபி இருந்தால் நிம்மதி. ஃபெடோராவும் நல்ல தேர்வுதான். ஆனால் காப்புரிமைச் சிக்கலால் சில கோடெக்குகளை அது தன்னோடு தருவதில்லை, தனிக் களஞ்சியத்திலிருந்து சேர்க்க வேண்டும். வீடியோ வேலைக்காகத் தொடங்குபவருக்கு அது முதல் நாளிலேயே தடையாக நிற்கும்.

நிறுவுவதற்கு முன் பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். ஐஎஸ்ஓ கோப்பை அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இறக்கி, அதனுடன் தரப்படும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்ட பிறகு, ரூஃபஸ் அல்லது எட்சர் கொண்டு 8 ஜிபி பென்டிரைவில் எழுதினால் போதும். வைஃபை, ஒலி, திரை மூன்றும் சரியாக வேலை செய்கின்றனவா என்று இந்த நிலையிலேயே பார்த்துவிட வேண்டும். விண்டோஸுக்குப் பக்கத்திலேயே நிறுவுவதானால் மூன்று முன்னேற்பாடுகள் அவசியம்: முக்கியக் கோப்புகளை வெளி வட்டில் நகலெடுப்பது, பிட்லாக்கர் இயங்கினால் அதன் மீட்புச் சாவியைக் குறித்துவைப்பது, விண்டோஸின் வேகத் தொடக்க வசதியை அணைப்பது. கடைசியைச் செய்யாவிட்டால் விண்டோஸ் வட்டுப் பகுதியை லினக்ஸ் படிக்க மட்டுமே விடும், எழுத விடாது. விண்டோஸை விட்டு வர மனமில்லாதவர்கள், அதற்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வசதியில் தொடங்கலாம். கட்டளைகளைப் பழக அது தாராளமாகப் போதும்.

டெர்மினலில் முதல் அடிகள்

கட்டளைகள் இங்கே ஒலிப்பின்படி தமிழில் தரப்படுகின்றன; கட்டளை தட்டும் சாளரமான டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும். லினக்ஸில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. ஒரே ஃபோல்டரில் எழுத்தின் அளவில் மட்டும் வேறுபடும் இரண்டு கோப்புகள் தனித்தனியாக இருக்க முடியும்.

தற்போது நிற்கும் இடத்தைச் சொல்வது 'பிடபிள்யூடி', அங்கே இருப்பதைப் பட்டியலிடுவது 'எல்எஸ்', வேறு ஃபோல்டருக்குப் போவது 'சிடி', ஃபோல்டர் உருவாக்குவது 'எம்கேடிர்', நகலெடுப்பது 'சிபி', நகர்த்துவதும் பெயர் மாற்றுவதும் 'எம்வி'. அழிக்கும் 'ஆர்எம்' கட்டளைக்குக் குப்பைத்தொட்டி கிடையாது, அழித்தது அழிந்ததுதான். மூல வீடியோக்கள் உள்ள ஃபோல்டரில் அதைப் பயன்படுத்தாமல் இருப்பதே பாதுகாப்பு. நிர்வாகி அதிகாரம் கேட்கும் 'சூடோ' மென்பொருள் நிறுவும்போது தேவைப்படும். வீடியோ மாற்றத்துக்கு அது தேவையே இல்லை. எங்கிருந்தோ கிடைத்த கட்டளையில் அந்தச் சொல் இருந்தால், முழுப் பொருளும் விளங்கும்வரை அதை ஓட்டக் கூடாது.

கோப்புப் பெயரைத் தமிழில் வைத்தால் இன்றைய லினக்ஸ் அதைச் சிக்கலின்றிக் கையாளும். சிக்கல் தருவது இடைவெளிதான். 'அக்கா கல்யாணம்' என்று இடைவெளியோடு பெயர் வைத்தால் டெர்மினல் அதை இரண்டு கோப்புகளாக எடுத்துக்கொள்ளும். பெயரை மேற்கோள் குறிகளுக்குள் இடுவது அதற்கான மருந்து. பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டி டேப் விசையை அழுத்தினால் மீதியை டெர்மினலே நிரப்பிவிடும். தட்டச்சுப் பிழைக்கு இடமே இருக்காது. முந்தைய கட்டளை மேல்நோக்கிய அம்பு விசையில் திரும்பக் கிடைக்கும். 'மேன்' என்று தட்டி ஒரு கட்டளையின் பெயரைச் சேர்த்தால் அதன் கையேடு திறக்கும். அதில் சாய்கோட்டை அழுத்தித் தேடலாம், 'க்யூ' அழுத்தினால் வெளியே வரலாம். இந்த ஒரு பழக்கம் படிந்துவிட்டால் மற்ற கட்டளைகளைத் தாமாகவே கற்க முடியும்.

மின்ட், உபுண்டு, டெபியன் மூன்றிலும் மென்பொருள் நிறுவும் கட்டளை 'ஏபிடி இன்ஸ்டால்'. அதன் மூலம் எஃப்எஃப்எம்பெக், மீடியாஇன்ஃபோ, விஎல்சி, ஹேண்ட்பிரேக் நான்கையும் நிறுவிக்கொண்டால் வேலை தொடங்கலாம்.

முதலில் பரிசோதனை

எந்தக் கோப்பையும் மாற்றுவதற்கு முன் அதனுள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எஃப்எஃப்எம்பெக்குடன் சேர்ந்தே வரும் எஃப்எஃப்புரோப் இதற்கானது. கட்டளையின் பெயரை அடுத்துக் கோப்பின் பெயரைத் தந்தால் கொள்கலன், கோடெக், தெளிவுத்திறன், ஃபிரேம் வீதம், ஒலித்தடங்கள், மொத்த நேரம் எல்லாவற்றையும் அது பட்டியலிடும். டெர்மினலுக்குப் பழகாதவர்கள் இதே விவரங்களை மீடியாஇன்ஃபோவில் காணலாம்.

இந்தப் பரிசோதனை பல நேரங்களில் வேலையையே மிச்சப்படுத்தும். டிவியில் ஓடாத எம்கேவி கோப்பைத் திறந்து பார்த்தால் காட்சி எச்.264 ஆக இருக்கும், ஒலி மட்டும் டிவிக்குத் தெரியாத டிடிஎஸ் முறையில் இருக்கும். அப்போது ஒலியை மட்டும் மாற்றினால் போதும். காட்சியைத் தொட வேண்டியதில்லை. ஐஃபோனில் எடுத்த வீடியோ பழைய கணினியில் திணறினால், அது எச்இவிசி முறையில் இருப்பது தெரியவரும். 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐஃபோன் அந்த முறையில் பதிவு செய்கிறது.

மறு குறியாக்கம் இல்லாமல் மாற்றுதல்

எஃப்எஃப்எம்பெக் கட்டளைக்கு ஒழுங்கான வரிசை ஒன்று உண்டு. முதலில் நிரலின் பெயர், அடுத்து '-ஐ' என்ற குறியும் மூலக் கோப்பின் பெயரும், பிறகு விருப்பங்கள், கடைசியில் புதிய கோப்பின் பெயர். ஒவ்வொரு விருப்பமும் தனக்கு அடுத்து வரும் கோப்புக்கே பொருந்தும். இந்த விதி புரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

விருப்பங்களில் முதலில் கற்க வேண்டியது '-சி காப்பி'. காட்சியையும் ஒலியையும் அப்படியே எடுத்து வேறு கொள்கலனுக்கு மாற்று என்பது அதன் பொருள். மறு குறியாக்கம், அதாவது மறுபடி சுருக்குதல், இல்லாததால் தரம் துளியும் குறையாது. ஒரு மணி நேர வீடியோ கூடச் சில விநாடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ முடிந்துவிடும். எச்.264 காட்சியுள்ள எம்கேவியை எம்பி4 ஆக்க இதுவே வழி. கேம்கார்டர்களின் எம்டிஎஸ் கோப்புகளும் பெரும்பாலும் எச்.264 தான், அவற்றுக்கும் இது பொருந்தும், ஒலி டால்பி முறையில் இருந்து சில கருவிகள் ஏற்காவிட்டால் ஒலியை மட்டும் ஏஏசி ஆக்கலாம். இணையத்தில் ஏற்றப்போகும் எம்பி4 என்றால் 'ஃபாஸ்ட்ஸ்டார்ட்' விருப்பத்தையும் சேர்க்க வேண்டும். கோப்பின் அட்டவணை முன்பகுதிக்கு வருவதால், முழுதும் இறங்கும் முன்பே வீடியோ ஓடத் தொடங்கும்.

நீண்ட வீடியோவிலிருந்து ஒரு பகுதியை வெட்டவும் இதே முறை உதவும், ஆனால் ஒரு வரம்போடு. சுருக்கிய வீடியோவில் முழுப் படம் கீஃபிரேம்களில் மட்டுமே இருக்கும். இடையில் வருபவை பெரும்பாலும் மாற்றங்களை மட்டும் குறித்துவைப்பவை. அதனால் மறு குறியாக்கம் இல்லாத வெட்டு கீஃபிரேமில்தான் தொடங்க முடியும். தாலி கட்டும் கணத்திலிருந்து துல்லியமாகத் தொடங்க வேண்டுமானால் மறு குறியாக்கம் தேவை. ஓரிரு விநாடி முன்னால் தொடங்கினால் பரவாயில்லை என்றால் நகலெடுப்பதே மேல்.

தரமும் அளவும்

மறு குறியாக்கம் தேவைப்படும் இடங்களில், எங்கும் ஓடக்கூடிய பாதுகாப்பான கூட்டணி எச்.264 காட்சி, ஏஏசி ஒலி, எம்பி4 கொள்கலன். எச்.264 குறியாக்கத்துக்கு எஃப்எஃப்எம்பெக் பயன்படுத்தும் எக்ஸ்264 நூலகத்தில் தரத்தைத் தீர்மானிப்பது சிஆர்எஃப் என்ற எண். அது 0 முதல் 51 வரை போகும். எண் குறையக் குறையத் தரமும் அளவும் கூடும். எதையும் சொல்லாவிட்டால் 23 எடுத்துக்கொள்ளப்படும். குடும்ப வீடியோவுக்கு 18 முதல் 20 வரை வைப்பது நல்லது. 18-இல் மூலத்துக்கும் நகலுக்கும் வேறுபாடு கண்ணுக்கு எட்டுவது அரிது. எண்ணில் 6 கூட்டினால் கோப்பின் அளவு ஏறத்தாழப் பாதியாகும். எச்.265 குறியாக்கும் எக்ஸ்265 நூலகத்தில் இதே எண்ணுக்குப் பொருள் வேறு. அங்கே இயல்பு மதிப்பு 28.

இரண்டாவது விருப்பம் வேகம். 'அல்ட்ராஃபாஸ்ட்' முதல் 'வெரிஸ்லோ' வரை பல படிகள் உண்டு, இயல்பானது 'மீடியம்'. மெதுவான படியில் கணினி அதிகம் உழைத்து, ஏறக்குறைய அதே தரத்தைச் சிறிய கோப்பில் தரும். அவசரமில்லாத வேலைக்கு 'ஸ்லோ' ஏற்றது. கிராஃபிக்ஸ் சிப்பின் துணையோடு செய்யும் குறியாக்கம் பல மடங்கு வேகமானது. ஆனால் அதே அளவுக் கோப்பில் பொதுவாகத் தரம் சற்றுக் குறையும் என்பதால், காலத்துக்கும் வைத்திருக்கப்போகும் பிரதிக்கு அதைத் தவிர்ப்பது நலம்.

சில சமயம் தரத்தைவிட அளவே முதல் நிபந்தனையாகும். டிவியில் செருகும் பென்டிரைவ் பெரும்பாலும் எஃப்ஏடி32 முறையில் இருக்கும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. மூன்று மணி நேரக் கல்யாண வீடியோவை அதற்குள் அடக்கும் கணக்கு இது: 4,000 எம்பி என்பது 32,000 மெகாபிட், அதை 10,800 விநாடிகளால் வகுத்தால் விநாடிக்கு ஏறத்தாழ 2.96 மெகாபிட், ஒலிக்கு 160 கிலோபிட் ஒதுக்கினால் காட்சிக்கு 2.8 மெகாபிட் மிஞ்சும். இந்தப் பிட்ரேட்டைத் தந்து இரண்டு முறை ஓட்டும் 'டூ பாஸ்' முறையில் குறியாக்க வேண்டும். முதல் ஓட்டத்தில் எந்தக் காட்சி சிக்கலானது என்று அளந்துகொண்டு, இரண்டாவதில் பிட்டுகளைத் தேவைக்கேற்பப் பங்கிடும். பென்டிரைவை எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் 4 ஜிபி வரம்பே இல்லை. அந்த டிவி அதைப் படிக்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முழு வீடியோவையும் ஓட்டிவிட்டு ஏமாறாமல் இருக்க, '-டி 60' என்ற விருப்பத்தால் முதலில் ஒரு நிமிடத்தை மட்டும் மாற்றி, அதை ஓடப்போகும் டிவியிலேயே போட்டுப் பார்க்க வேண்டும்.

விசிடியும் டிவிடியும்

1993-இல் தரப்படுத்தப்பட்ட விசிடியில் காட்சி 352×288 அளவும், விநாடிக்கு 1,150 கிலோபிட்டும் கொண்டது. சாதாரணத் தரவு சிடிக்குள்ள பிழைதிருத்தப் பகுதியின் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து, அந்த இடத்திலும் காட்சியையே எழுதினார்கள். அதனால் கீறல் விழுந்த விசிடி தரவு சிடியைவிட எளிதில் தடுமாறும். மாற்றும் வேலையில் முதலிடம் விசிடிகளுக்குத் தருவதே நியாயம். விசிடியிலுள்ள 'டிஏடி' கோப்பை விஎல்சியில் நேரடியாக ஓட்டிப் பார்க்கலாம். விசிடிஇமேஜர் தொகுப்பிலுள்ள விசிடிஎக்ஸ்ரிப், எம்பெக் காட்சியை இழப்பின்றிப் பிரித்துத் தரும்.

டிவிடியில் காட்சி விஓபி கோப்புகளாக, ஒவ்வொன்றும் 1 ஜிபிக்குள் துண்டாக இருக்கும். ஒரே தலைப்பின் துண்டுகளை 'கேட்' கட்டளையால் வரிசையாக ஒட்டினாலே முழு வீடியோ கிடைக்கும். கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டும் இந்த எளிய கட்டளை, லினக்ஸில் சிறு கருவிகள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நல்ல பாடம். கீறல் விழுந்த டிவிடிக்கு குனு டிடிரெஸ்கியூ இருக்கிறது. நன்றாக உள்ள பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களைக் குறித்துவைத்து, பிறகு அவற்றை மட்டும் மீண்டும் மீண்டும் முயலும். பாதியில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இன்னொரு டிரைவில் போட்டும் முயலலாம். கல்யாண டிவிடிகளில் பொதுவாகப் பூட்டு இருக்காது. கடையில் விற்கும் திரைப்பட டிவிடிகள் பூட்டப்பட்டவை, பதிப்புரிமைக்கு உட்பட்டவை.

டிவிடியை மாற்றும்போது கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, பின்னல் காட்சி. இந்தியாவில் வழங்கிய பால் முறையில் விநாடிக்கு 50 அரைப் படங்கள், ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளுமாக மாறி மாறி வரும். அப்படியே குறியாக்கினால் அசையும் இடமெல்லாம் சீப்புப் பற்கள் போன்ற கோடுகள் தெரியும். பிடபிள்யூடிஃப் வடிகட்டி இயல்பாகவே 50 அரைப் படங்களையும் 50 முழு ஃபிரேம்களாக்கி அசைவின் மென்மையைக் காப்பாற்றும். யாடிஃப் இயல்பில் 25 ஆக்கும். நடனமும் ஊர்வலமும் உள்ள வீடியோவுக்கு 50 தான் பொருத்தம்.

இரண்டாவது, உருவ விகிதம். 720×576 புள்ளிகள் கொண்ட அதே படம் 4:3 திரைக்கும் 16:9 திரைக்கும் வேறு வேறு அகலத்தில் விரிய வேண்டும். எஃப்எஃப்புரோப் காட்டும் டிஏஆர் மதிப்பைப் பார்த்து அதைத் தக்கவைக்காவிட்டால் மணமக்கள் ஒல்லியாகவோ பருமனாகவோ தெரிவார்கள். மூன்றாவது, பெரிதாக்கும் ஆசை. 576 வரிப் படத்தை 1080 ஆக விரிப்பதால் இல்லாத நுணுக்கம் வந்துவிடாது; கோப்புதான் பெருக்கும். மூல அளவிலேயே சேமித்தால், பெரிதாக்கும் வேலையை டிவி பார்த்துக்கொள்ளும்.

இவற்றை எல்லாம் பொத்தான்களில் செய்ய விரும்புபவர்களுக்கு ஹேண்ட்பிரேக் நல்லது. டிவிடி தலைப்புகளை அது நேராகப் படிக்கும். பின்னல் நீக்கமும் சிஆர்எஃப் எண்ணும் அதில் உண்டு. காட்சியை எப்போதும் மறு குறியாக்கம் செய்தே தரும் என்பதால், கொள்கலனை மட்டும் மாற்றும் வேலைக்கு அது உதவாது.

பல கோப்புகளுக்கு ஒரே கட்டளை

டெர்மினல் தன் மதிப்பை முழுதாகக் காட்டும் இடம் இது. ஐம்பது கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றுவதற்குப் பதில், 'ஃபார்' சுழற்சி ஒன்று போதும். இந்த ஃபோல்டரில் எம்டிஎஸ் என்று முடியும் ஒவ்வொரு கோப்பையும் ஒரு மாறியில் எடு, அதன்மேல் இந்தக் கட்டளையை ஓட்டு, முடித்துவிடு என்று அது சொல்கிறது. நட்சத்திரக் குறி எல்லாப் பெயர்களுக்கும் பதிலாக நிற்கும். ஒரு கோப்பில் சரியாக வேலை செய்த கட்டளையை அப்படியே சுழற்சிக்குள் வைத்தால் ஐம்பதும் இரவோடு இரவாக முடியும்.

சில எச்சரிக்கைகளைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். மாறியை எப்போதும் மேற்கோள் குறிக்குள் இட வேண்டும். இல்லையேல் இடைவெளியுள்ள பெயர்கள் உடையும். புதிய கோப்புகள் தனி ஃபோல்டருக்குப் போக வேண்டும். இருக்கும் கோப்பின்மேல் எழுதாதிருக்க '-என்' விருப்பம் உதவும். கேட்காமல் மேலெழுதும் '-ஒய்' விருப்பத்தைத் தொடக்கத்தில் தொடவே கூடாது. பெயர்ப் பட்டியலை வரிவரியாகப் படிக்கும் 'வைல்' சுழற்சிக்குள் எஃப்எஃப்எம்பெக்கை வைத்தால், அந்தப் பட்டியலையே அது விசைப்பலகை உள்ளீடாக விழுங்கிவிடும். '-நோஎஸ்டிடிஇன்' சேர்த்தால் அந்தத் தொல்லை இல்லை. இரண்டு கட்டளைகளுக்கு நடுவில் இரட்டை ஆம்பர்சண்ட் குறியிட்டால், முதலாவது வெற்றியாக முடிந்தால் மட்டுமே அடுத்தது தொடங்கும்.

நன்றாக வேலை செய்த சுழற்சியை ஒரு கோப்பில் எழுதி, ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்ற குறிப்பையும் சேர்த்துச் சேமித்தால் அதுவே ஷெல் ஸ்கிரிப்ட். லினக்ஸ் நிர்வாகிகள் அன்றாடம் எழுதுவதும் இதே வகைதான். அளவு மட்டுமே வேறு.

சரிபார்த்தலும் பாதுகாத்தலும்

மாற்றம் முடிந்ததும் மூலத்தின் நேரமும் புதிய கோப்பின் நேரமும் ஒன்றா என்று எஃப்எஃப்புரோப்பில் ஒப்பிட வேண்டும். தொடக்கம், நடு, முடிவு மூன்று இடங்களில் ஓட்டி, உதட்டசைவும் ஒலியும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். புதிய கோப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் டிவிடியிலிருந்து எடுத்த விஓபி, கேமராவின் எம்டிஎஸ் போன்ற மூலங்களை வைத்திருப்பதே முறை. நாளை இன்னும் சிறந்த கோடெக் வரும்போது நகலிலிருந்து அல்லாமல் மூலத்திலிருந்தே மாற்ற முடியும்.

'எஸ்எச்ஏ256சம்' கட்டளையால் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சரிபார்ப்பு எண் எடுத்துவைத்தால், சில ஆண்டுகள் கழித்து ஒரு பிட் மாறியிருந்தாலும் தெரிந்துவிடும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு ஊரிலோ வேறு வீட்டிலோ என்ற காப்பு விதி குடும்ப வீடியோவுக்கும் பொருந்தும். வெளி வட்டுக்கு நகலெடுக்க 'ஆர்சின்க்' சிறந்தது. மாறியவற்றை மட்டும் எடுத்துச் செல்லும் என்பதால் இரண்டாம் முறை சீக்கிரம் முடியும்.

அடுத்துக் கற்க வேண்டியவை

இந்த அளவுக்கு வந்தவர் ஃபோல்டர் அமைப்பு, மென்பொருள் நிறுவல், மேற்கோள் விதிகள், சுழற்சி, ஸ்கிரிப்ட், காப்புப் பிரதி ஆகியவற்றை ஏற்கெனவே கையாண்டிருப்பார். அடுத்த படியில் கோப்பு அனுமதிகள், ஒரு கட்டளையின் வெளியீட்டை இன்னொன்றுக்குத் தரும் குழாய்க் குறி, எழுத்துகளுக்குள் தேடும் 'கிரெப்', கோப்புகளைத் தேடும் 'ஃபைண்ட்', தொலைவிலுள்ள கணினியில் நுழையும் 'எஸ்எஸ்எச்' என்ற வரிசை பொருத்தமானது. பழைய மடிக்கணினியை வீட்டு வீடியோ சேவையகமாக மாற்றும் வேலையில் இவை ஐந்தும் பயன்படும்.

தமிழில் படிக்க விரும்புபவர்களுக்கு 2012 முதல் வெளிவரும் கணியம் மின்னிதழில் லினக்ஸும் கட்டற்ற மென்பொருளும் பற்றிய கட்டுரைகள் ஏராளம். சந்தேகம் கேட்கும்போது லினக்ஸ் பதிப்பின் பெயர், ஓட்டிய முழுக் கட்டளை, திரையில் வந்த பிழைச் செய்தி மூன்றையும் அப்படியே தர வேண்டும். எஃப்எஃப்எம்பெக்கின் பிழைச் செய்தி நீளமாக இருக்கும். காரணம் பெரும்பாலும் கடைசிச் சில வரிகளில் இருக்கும். அதை நிதானமாகப் படிக்கும் பழக்கம் வந்தவர், பல கேள்விகளைப் பிறரிடம் கேட்கும் முன்பே தாமே தீர்த்துக்கொள்வார்.